வேட்டிக் கூடாரத்தில் பேச்சுப் பயிற்சி: 3 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு

மேசைக்கு இந்தப் பக்கம் பெரியவர், அந்தப் பக்கம் குழந்தை, நடுவில் படம் போட்ட அட்டைகள். இப்படி உட்கார்ந்து "இது என்ன, சொல்லு" என்று கேட்டால் குழந்தை பதில் சொல்லும், அல்லது சொல்லாது. அதற்குப் பேச வேண்டிய அவசியம் எதுவும் அங்கே இல்லை. காட்டில் கேம்ப் போடுவதுபோல் வேட்டியால் கூடாரம் கட்டி விளையாடினால் நிலைமை வேறு. கயிறு வேண்டும், கிளிப் வேண்டும், யாராவது அந்த மூலையைப் பிடிக்க வேண்டும், இருட்டில் என்ன சத்தம் என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் வேலை நடக்கும் என்ற கட்டங்கள் தானாக வந்துகொண்டே இருக்கும். கீழே உள்ள விளையாட்டுகள் எல்லாம் அந்த அவசியத்தைப் பயன்படுத்துபவை. வீட்டுக் கூடத்திலும் செய்யலாம், தெரபி அறையிலும் செய்யலாம்.

முதலில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் காது கேட்கும் திறனைப் பரிசோதித்திருக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடக் கூடாது. லேசான கேள்திறன் குறைவும், காதில் நீர் கோத்திருப்பதும் வீட்டில் தெரியாது. இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்க்காவிட்டாலும், சொல்லிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிட்டாலும் விளையாட்டோடு நிறுத்தாமல் பேச்சு–மொழி நிபுணரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் இது இலவசம். தனியாரிடம் போனால், அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

கூடாரம்

ஒரு எட்டு முழ வேட்டி போதும். ஏறக்குறைய 3.6 மீட்டர் நீளம் இருக்கும். குறுக்கே போட்டால் இரண்டு பக்கமும் தரையைத் தொடும். தடிமனான பெட்ஷீட்டைப் போட்டால் உள்ளே புழுங்கும், குழந்தை ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். வேட்டி வெள்ளை என்பதால் வெளிச்சம் ஊடுருவும், பின்னால் நிழல் விளையாட்டும் நடத்தலாம். இதனுடன் 4 மீட்டர் கொடிக் கயிறு, துணி கிளிப் 12, ஒரு பாய், இரண்டு நாற்காலி. நாற்காலிகளை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, முதுகுப் பகுதியில் சுமார் 80 செ.மீ. உயரத்தில் கயிற்றைக் கட்டுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் குழந்தை வேட்டியை இழுத்ததும் சாய்ந்துவிடும். ஒவ்வொன்றின் மேலும் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்த பிறகுதான் குழந்தையைக் கூப்பிட வேண்டும்.

அறையை முழு இருட்டாக்காதீர்கள். பேச்சு ஒலியைக் கற்கும் குழந்தைக்கு உங்கள் உதடும் நாக்கும் தெரிய வேண்டும். டார்ச்சை உங்கள் தாடைக்குக் கீழே பிடித்தால் முகம் பயங்கரமாகத் தெரியும், சின்னக் குழந்தை அழுதுவிடும். வெளிச்சம் முன்னாலிருந்து உங்கள் முகத்தில் விழட்டும். காது கேட்கும் கருவி அணிந்த குழந்தை என்றால் ஒரு மீட்டருக்குள் உட்காருங்கள், ஃபேனைக் குறையுங்கள், சமையலறையில் குக்கர் விசில் அடங்கிய பிறகு தொடங்குங்கள். டார்ச்சில் பட்டன் பேட்டரி இருந்தால் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். அந்த பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும்.

கேம்ப் நெருப்புக்கு உண்மையான தீ வேண்டாம். பேட்டரியில் எரியும் சீரியல் பல்பு ஒரு சரம், அதன் மேல் கசக்கிய சிவப்பு, மஞ்சள் பட்டுக் காகிதம். விறகுக்கு ஒரு சாண் நீளக் காய்ந்த குச்சிகள் 12, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கியவை. இந்தப் பன்னிரண்டு குச்சிகள் பின்னால் நிறைய வேலை செய்யப் போகின்றன.

கட்டும்போதே தொடங்குவது

கூடாரத்தை நீங்களே கட்டி முடித்து "வா, உள்ளே போ" என்றால் பாதிப் பயிற்சி வீண். கிளிப்புகளை இறுக்கமாக மூடிய எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குழந்தையிடம் கொடுங்கள். திறக்க முடியாது. உங்களைப் பார்க்கும். இங்கேதான் பெரியவர்கள் தவறுகிறார்கள்: "திறக்கணுமா? அம்மா திறக்கட்டுமா?" என்று குழந்தை சொல்ல வேண்டியதைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். வாயை மூடிக்கொண்டு, ஆவலாக முகத்தைப் பார்த்தபடி மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். பத்து எண்ணியும் ஒன்றும் வராவிட்டால் "திற" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லி மீண்டும் காத்திருங்கள். டப்பாவை நீட்டினாலும், "தி" என்று மட்டும் சொன்னாலும் உடனே திறந்துவிடுங்கள். கேட்டது கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்த நொடியில்தான் பிறக்கிறது. முழுதாகச் சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் அடுத்த முறை கேட்கவே மாட்டான்.

குழந்தை ஒரு சொல் சொன்னால் நீங்கள் அதோடு ஒன்றே ஒன்றைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். "கயிறு" என்றால் "கயித்தக் கட்டு". "கயித்தக் கட்டு" என்றால் "கயித்த இறுக்கிக் கட்டு". திருப்பிச் சொல்லு என்று கேட்க வேண்டாம், காதில் விழுந்தால் போதும். பேச்சு வழக்கிலேயே பேசுங்கள். "கயிற்றைக் கட்டுகிறேன்" என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. குழந்தை அதைக் கற்று யாரிடம் பேசும்?

பை கட்டுதல்

சொல்வளத்துக்கும் காரணம் சொல்லும் பயிற்சிக்கும் இது ஏற்றது. பள்ளிப் பை ஒன்று, பாயில் பரப்பிய 12 பொருட்கள். எட்டு, காட்டுக்குத் தேவையானவை: டார்ச், தண்ணி பாட்டில், போர்வை, கயிறு, தொப்பி, குடை, தட்டு, சோப்பு. நான்கு, சம்பந்தமில்லாதவை: டிவி ரிமோட், அயர்ன் பாக்ஸ், கணக்கு நோட்டு, குக்கர் வெயிட். மூன்று வயதுக்காரருக்குப் பெயர் சொல்லி எடுத்து வைப்பதே போதும். நாலரை வயதுக்கு மேல் "இது எதுக்கு?" என்று கேளுங்கள்: "மழை வந்தா பிடிக்கிறதுக்கு". ஆறு வயதில் "ஏன் வேண்டாம்?" என்ற கேள்விதான் பொன்னானது. "காட்டுல கரன்ட் இல்ல, அதனால ரிமோட் வேண்டாம்" என்று அதனால போட்டு இரண்டு வாக்கியத்தை இணைக்கும் இடம் வேறு விளையாட்டில் இவ்வளவு இயல்பாக வராது.

பொருட்களை 12-க்கு மேல் கூட்டாதீர்கள். இருபது வைத்தால் குழந்தை பொருளோடு விளையாடப் போய்விடும், பேச்சு நின்றுவிடும்.

டார்ச் தேடல்: எங்கே இருக்கு?

விலங்குப் படங்கள் எட்டு: யானை, புலி, கரடி, மயில், முயல், வரையாடு, உடும்பு, ஆந்தை. அறை முழுக்க ஒளித்து வையுங்கள். குழந்தை டார்ச் அடித்துக் கண்டுபிடித்து, எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

தமிழில் இது வெறும் மேலே, கீழே கற்பது அல்ல. முன்னால் வரும் பெயர்ச்சொல்லும் மாறுகிறது. குழந்தை இடறுவது அங்கேதான். எனவே ஒளிக்கும் இடத்தை மூன்று கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் சொல் மாறாத இடங்கள்: பெட்டிக்கு மேல, பாய்க்குக் கீழ, கல்லுக்குப் பக்கத்துல. இரண்டாவதில் 'ம்' போய் 'த்து' வருபவை: மரத்துக்குப் பின்னால, கூடாரத்துக்குள்ள. மூன்றாவதில் மெய் இரட்டிப்பவை: காட்டுக்குள்ள, ஆத்துல, கயித்து மேல. நீலத் துணியை விரித்தால் ஆறு, பச்சைத் துணியை விரித்தால் காடு. "மரமுக்குப் பின்னால" என்று குழந்தை சொன்னால் "தப்பு" என்று நிறுத்தாமல், "ஆமா, மரத்துக்குப் பின்னால, மரத்துக்குப் பின்னால புலி!" என்று இரண்டு முறை அழுத்திச் சொல்லிவிட்டு, அடுத்த படத்தையும் இன்னொரு மரத்துக்குப் பின்னாலேயே வைத்திருங்கள். ஒரு கட்டத்தில் பத்துக்கு எட்டு சரியாக வந்தபின் அடுத்ததற்குப் போங்கள்.

டார்ச்சைக் குழந்தையிடம் கொடுத்ததும் உங்கள் கண்ணிலேயே அடிக்கும். முதல் இரண்டு நிமிடம் சும்மா அடித்து விளையாட விட்டுவிடுங்கள். அதன் பிறகுதான் தேடல்.

நெருப்பு மூட்டுதல்: ஒலிப் பயிற்சி

உச்சரிப்புப் பயிற்சிக்கு எண்ணிக்கை முக்கியம். ஒரு ஒலியைப் பத்துத் தடவை சொல்லிவிட்டு எழுந்தால் நாக்குக்குப் பழகாது. ஐந்து முறை சொன்னால் ஒரு குச்சி நெருப்பில் சேரும். 12 குச்சி, 60 முறை. கடைசிக் குச்சி விழுந்ததும் சீரியல் பல்பைப் போடுங்கள். குழந்தைக்குச் சலிப்பு வந்தால் மூன்று முறைக்கு ஒரு குச்சி என்று மாற்றுங்கள், ஆனால் பல்பை முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள்.

எடுத்துக்காட்டாக, க-வுக்குப் பதில் த சொல்லும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். காக்கா அவனுக்குத் தாத்தா. நேராகச் சொல்லில் தொடங்கக் கூடாது. முதலில் அந்த ஒலி அவனுக்கு எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். கூடாரத்துக்குள் இருவரும் மல்லாந்து படுத்து நட்சத்திரம் பாருங்கள். படுத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும், க சொல்ல அதுவே உதவி. மலையேறுகிறவர்கள் கூப்பிடுவது போல "கூ..." என்று கத்தச் சொல்லுங்கள். ஊ, ஓ, ஆ ஆகிய உயிர்களோடு க எளிதாக வரும். கி, கே கடினம். வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் வைத்துக் கொப்பளித்தாலும் தொண்டைப் பக்கம் எங்கே அழுத்த வேண்டும் என்று அவனுக்குப் புரியும். இதை மட்டும் உட்கார வைத்துச் செய்யுங்கள். படுத்த நிலையில் தண்ணீர் புரையேறும்.

ஒலி வந்த பிறகு சொற்கள். இங்கே எழுத்தைப் பார்த்துச் சொல் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவோம். தமிழில் சொல்லின் முதலில் வரும் க, இரட்டித்த க்க இரண்டும்தான் வல்லொலி. பகல், விறகு ஆகியவற்றில் க மெலிந்து ஒலிக்கிறது. குரங்கு, தங்கம் ஆகியவற்றில் அது வேறு ஒலியே. இவற்றையெல்லாம் ஒரே பட்டியலில் போட்டுவிட்டு, ஏன் முன்னேற்றம் இல்லை என்று தேடுகிறவர்கள் உண்டு. அடுத்து, சொல்லுக்குள் த அல்லது ட இருந்தால் அது நாக்கை முன்னுக்கு இழுத்துவிடும். கத்தி, காடு, கூடாரம் எல்லாம் இந்த விளையாட்டுக்குப் பொருத்தமாகத் தோன்றினாலும் முதல் வாரத்துக்கு ஆகாது. கை, கால், கல்லு, காக்கா, கொக்கு, மூக்கு என்று தொடங்கி, அவை பத்துக்கு எட்டு வந்தபின் காடு, கட்டை, கூடாரம். பிறகு "கல்லு மேல காக்கா" போன்ற தொடர்கள், அதன்பின் வாக்கியம். பத்துக்கு ஐந்துக்கும் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். இறங்கத் தயங்கினால் தவறான ஒலிதான் அறுபது முறை பயிற்சி பெறும்.

சொல் நிலையில் இருக்கும்போது சேர்க்க வேண்டிய நல்ல விளையாட்டு, குழந்தை கட்டளையிட நீங்கள் செய்வது. கூவு–தூவு: கூவு என்றால் குயில் போலக் கூவுங்கள், தூவு என்றால் காய்ந்த இலையைத் தூவுங்கள். கட்டு–தட்டு: கட்டு என்றால் கயிற்றைக் கட்டுங்கள், தட்டு என்றால் தரையைத் தட்டுங்கள். அவன் "கட்டு" என்று நினைத்து "தட்டு" என்று சொன்னால், திருத்தாமல் தட்டுங்கள். அவன் முகத்தில் குழப்பம் தெரியும், கயிற்றைக் காட்டுவான். "ஓ, கட்டணுமா? நீ தட்டுன்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு" என்று சொல்லி இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். ஒலி மாறினால் பொருளும் மாறும் என்பது அவனுக்கு இப்படித்தான் உறைக்கும். ஒரு தடவையில் மூன்று முறைக்கு மேல் இப்படித் தவறிப்போனால் நிறுத்திவிட்டுச் சுலபமான சொல்லுக்குத் திரும்புங்கள். நான்காவது முறை அது விளையாட்டாக இருக்காது, அவமானமாகிவிடும்.

ல-வுக்கு ய சொல்லும் குழந்தைக்கு இலை, மலை, புலி, எலி, நிலா என்று கேம்ப் முழுக்கச் சொற்கள் கிடைக்கும். ர பிந்தி வரும் ஒலி. நாலு வயதில் அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். பேச்சில் ற்ற பெரும்பாலும் த்த ஆகிவிடுவதால் (காத்து, நேத்து) அதைப் பேச்சுப் பயிற்சியில் சேர்க்கத் தேவையில்லை. வீட்டில் எல்லோரும் மழையை "மள" என்று சொன்னால் குழந்தை அப்படிச் சொல்வது குறைபாடு அல்ல, அது அந்த வீட்டுப் பேச்சு.

ராத்திரிச் சத்தம்

இன்னும் சொல் வராத குழந்தைக்கு இது முதல் விளையாட்டாகவே இருக்கட்டும். ஆந்தை, தவளை, சில்வண்டு, நாய், யானை. நீங்கள் ஒன்று எழுப்பி நிறுத்துங்கள். அவன் என்ன சத்தம் போட்டாலும் அதைத் திருப்பிச் செய்யுங்கள். பெரிய குழந்தைகளுக்கு வேட்டிக்குப் பின்னாலிருந்து சத்தமோ சொல்லோ கொடுத்து, கேட்டதைப் படத்தில் தொடச் சொல்லலாம்.

அவல் சமையல்: முடிந்தது, நடப்பது, நடக்கப்போவது

அடுப்பில்லாத கேம்ப் சாப்பாட்டுக்கு அவலை மிஞ்ச ஒன்றுமில்லை. கெட்டி அவல் ஒரு கப் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிழிய வேண்டும். பொடித்த வெல்லம் கால் கப், தேங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு வாழைப்பழம். மெல்லிய அவல் என்றால் ஊறவைத்தால் கூழாகிவிடும். தண்ணீர் தெளித்துப் பிசிறினால் போதும். நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழு நிலக்கடலை சேர்க்காதீர்கள். விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தை என்றால் எந்தப் பதத்தில் கொடுப்பது என்று தெரபிஸ்டிடம் கேட்ட பிறகுதான்.

ஒவ்வொரு படியிலும் மூன்று தடவை பேச்சு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கை வைக்கும் முன் "கழுவப் போறேன்", நடக்கும்போது "கழுவுறேன்", முடிந்ததும் "கழுவிட்டேன்". ஐந்து வயதுக்கு மேல் இதையே கோத்துச் சொல்லலாம்: "அவலைக் கழுவி, ஊறவெச்சு, பிழிஞ்சு, வெல்லம் போட்டேன்." பெரியவர் வேகமாகச் சமைத்து முடித்துவிடுவதுதான் இதில் வழக்கமான கோளாறு. பத்து நிமிட ஊறலை உங்களுக்குச் சாதகமாக்குங்கள்; இதுவரை என்ன செய்தோம், அடுத்து என்ன என்று அப்போது பேசலாம்.

வேட்டிக்கு அந்தப் பக்கம்

ஒரே கேம்ப் காட்சியை இரண்டு தாளில் வரைந்துகொள்ளுங்கள்: ஒரு மரம், ஒரு ஆறு, ஒரு கூடாரம். குழந்தை உள்ளே, நீங்கள் வெளியே, நடுவில் வேட்டி. அவன் தன் தாளில் ஐந்து படங்களை ஒட்டி, எங்கே ஒட்டினான் என்று சொல்ல வேண்டும்; நீங்கள் அதேபோல் ஒட்டுவீர்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். "அங்க வை" என்று அவன் சொன்னால் உங்களுக்குத் தெரியக் கூடாது, தெரியவும் தெரியாது. அம்மாக்கள் குழந்தையின் மனத்தை ஊகித்துச் சரியாக ஒட்டிவிடுவார்கள். அப்படி ஊகித்தால் விளையாட்டின் பயனே போய்விடும். "எங்க? எனக்குத் தெரியல, மரத்துக்கிட்டயா, ஆத்துக்கிட்டயா?" என்று கேளுங்கள். ஐந்தரை, ஆறு வயதுக்கு முன் இதில் திணறுவார்கள், அது இயல்பு.

ஐந்து கல் கதை

கூழாங்கல் ஐந்து. முதல் கல்: யார், எங்கே. இரண்டாவது: என்ன ஆச்சு. மூன்றாவது: எப்படி இருந்துச்சு, பயமா, கோபமா. நான்காவது: என்ன செஞ்சாங்க. ஐந்தாவது: கடைசியில. கல்லைத் தொட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டும். பாத்திரங்களில் ஒரு அண்ணன், ஒரு அக்கா, ஒரு கரடி கட்டாயம் இருக்கட்டும். "அண்ணன் வந்தான், அக்கா வந்தா, கரடி வந்துச்சு" என்று வினைமுடிவு மூன்று விதமாக வர அது வழி செய்யும். பெரும்பாலான குழந்தைகள் மூன்றாவது கல்லைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். அந்த இடத்தில் கரடியின் படத்தை நீட்டி "அப்ப கரடிக்கு எப்படி இருந்துச்சு?" என்றால் போதும்.

இருவருக்கு மேல் விளையாடும்போது டார்ச் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்று வையுங்கள். திக்கிப் பேசும் குழந்தைக்கு இந்த விதி பெரிய ஆறுதல், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அவனிடம் "மெதுவா பேசு", "மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்று சொல்லாதீர்கள். உங்கள் பேச்சை நிதானமாக்குங்கள், அவன் முடித்த பிறகு ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், அவன் சொல்ல வந்ததை நீங்கள் முடித்துவைக்காதீர்கள்.

நேரமும் கணக்கும்

வீட்டில் ஒரு நாளைக்கு 15 நிமிடம், வாரம் நான்கு நாள். ஒரு நாளில் ஒரே இலக்கு: இன்றைக்கு க என்றால் க மட்டும், அன்றைக்கு மரத்துக்கு, ஆத்துக்கு எல்லாம் தவறினாலும் விட்டுவிடுங்கள். ஒரு துண்டுத் தாளில் மூன்று கட்டம் போட்டுத் தானாக, உதவியோடு, வரவில்லை என்று கோடு கிழியுங்கள். தானாக என்ற கட்டத்தில் பத்துக்கு எட்டு, அடுத்தடுத்து மூன்று நாள் வந்தால் இலக்கை மாற்றலாம். தெரபிஸ்டைப் பார்க்கப் போகும்போது இந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள். "பரவாயில்ல, கொஞ்சம் பேசறான்" என்பதைவிட இது அவருக்கு நூறு மடங்கு உதவும்.

கூடாரத்தைப் பிரிப்பதையும் குழந்தையே செய்யட்டும்: கிளிப்பைக் கழட்டு, வேட்டியை மடி, கயித்தை அவிழ். நடுநடுவே போனில் நான்கு படம் எடுத்து வைத்திருந்தால், இரவு அப்பாவோ பாட்டியோ வந்ததும் அந்தப் படங்களைக் காட்டி என்ன நடந்தது என்று அவன் சொல்லலாம். கேட்கிறவர் அன்றைக்கு விளையாட்டில் உங்களோடு இல்லாதவராக இருக்க வேண்டும் என்பது முக்கியம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதில் எடுத்துக் கொடுக்காமல் சமையலறைக்குப் போய்விடுங்கள்.